சீரில் வந்த சோலார்

என்னைச் சுகந்தி என்று உங்களுக்கு யார் அக்கா சொன்னது? மேலே டேங்கில் எழுதியிருக்கிற பேரைப் பார்த்துத்தானே கூப்பிட்டீங்க?

நினைச்சேன். உங்க தெருவிலிருந்து பார்த்தால் நல்லாத் தெரியும். நீலப் பெயிண்டில் பெருசா எழுதியிருக்கும். எங்க வாசலிலிருந்து பார்த்தால் கம்பெனி ஸ்டிக்கர் மட்டும்தான். சங்கடப்படாதீங்க, உங்க மேல் தப்பே இல்லை. கொரியர்காரர் ஒருநாள் பின்தெரு வழியாக வந்தவர் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நானும் "என்னங்க" என்று போய் வாங்கிக்கொண்டேன். பார்சல் வந்தால் சரி.

என் பேர் கௌசல்யா. கௌசி என்பார்கள். சுகந்தி என் அக்கா. இந்த வீட்டுக்கு முதலில் வாக்கப்பட்டு வந்தது அவள்தான். தவறிவிட்டாள். அப்புறம் நான் வந்தேன். அதில் ஒன்றும் இல்லைங்க, எங்க பக்கம் நடக்கிறதுதான். நீங்க உட்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதில் உட்காருங்க.

சுடுதண்ணிச் சோலார் பார்க்கத்தானே வந்தீங்க? புதுசா வீடு கட்டுகிறவர்களைக் கடைக்காரரே இங்கே அனுப்பிவிடுவார். அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க, நான் சொல்றதை விட அது நல்லாச் சொல்லும் என்பாராம். எனக்கு அதில் ஒரு டீத்தூள் பாக்கெட்கூடக் கிடையாது. வாய் சும்மா இருக்கிறதுக்குப் பேசிவிட்டுப் போகிறது.

முதலில், தண்ணி என்ன தண்ணி? போர் தண்ணிதானே. அப்போ செம்புத் தகடு வைத்த சோலார் வேண்டாம், உப்புப் பிடித்து உள்ளே அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வைத்தது வாங்குங்க. தெற்குப் பார்த்து மாட்டணும், மேலே நிழலே விழக்கூடாது. பாத்ரூமுக்கு நேர் மேலே டேங்க் வருகிற மாதிரி இப்பவே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்க. குழாய் வளைந்து வளைந்து தூரமாகப் போனால், அதில் நிற்கிற தண்ணி ஆறிப்போய் முதலில் பச்சைத்தண்ணியாக வரும். இங்கே அத்தை அதை ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்துவிடுவார், நான் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். பாருங்க, செடி எப்படி வந்திருக்கிறது.

காலையில் எவ்வளவு சூடு இருக்குமா? நல்லா இருக்குமாம். அத்தை பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணி கலந்துதான் ஊற்றிக்கொள்வார். மாமா சாயங்காலம் வந்து குளிப்பார், அந்த நேரத்தில் கை வைக்க முடியாதாம், அப்படி இருக்குமாம். மாமா என்றால் என் வீட்டுக்காரர். அக்கா புருஷனாக இருந்தபோது கூப்பிட்டுப் பழகியது, அப்படியே நின்றுவிட்டது.

எனக்கா? எனக்கு எப்பவும் பச்சைத்தண்ணிதான். சின்னதிலிருந்தே பழக்கம்.

முன்னே இந்த வீட்டில் ஹீட்டர் ராடு இருந்தது. உங்க வீட்டில் இப்போ அதுதானா? ம். பக்கெட் பிளாஸ்டிக்கா, இரும்பா? சரி, விடுங்க.

இந்த வீட்டுக்குச் சுடுதண்ணி இல்லாமல் முடியாது அக்கா. மாமா எண்ணெய் மில்லில் வேலை. தேங்காய் எண்ணெய். கொப்பரைத் தூளும் பிண்ணாக்கும் எண்ணெயும் சேர்ந்து கை காலெல்லாம் பிசுக்காக ஒட்டியிருக்கும். பச்சைத்தண்ணி ஊற்றினால் அது போகவே போகாது, இன்னும் இறுகிக்கொள்ளும். அதனால் அவர் வருகிற நேரத்துக்குத் தினமும் பக்கெட்டில் ராடைப் போட்டுத் தண்ணி காய வைத்துவிடுவாள் எங்க அக்கா. வண்டிச் சத்தம் கேட்கும்போது தண்ணி தயாராக இருக்கணும். அவர் கேட்டதில்லை, இவளே செய்வாள்.

அன்றைக்கும் அப்படித்தான். பொழுது சாய்கிற நேரம். அவள் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எங்க ஊர்க் கோயில் நோன்பி வந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் ஒரே மாதிரி சேலை எடுக்கலாம் என்று பேச்சு. அவள் பச்சை என்றாள். பச்சை எடுத்தால் நான் இன்னும் கறுப்பாகத் தெரிவேன் என்று நான் சண்டை. "இருடி, தண்ணி காஞ்சிருச்சான்னு பாத்துக்கிறேன்" என்றாள். போனை வைக்கவில்லை. நான் பாட்டுக்கு ஊதா எடுக்கலாம், ஊதாவில் ஜரிகை நல்லா இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் பதில் வரவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்க ஊரில் சிக்னல் எப்பவும் அப்படித்தான். கட் பண்ணிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனேன்.

ராடை நிறுத்தாமல் கையை விட்டிருக்கிறாள். எல்லாரும் செய்கிறதுதான். நீங்களும் செய்திருப்பீங்க.

மிதுனா பாத்ரூம் வாசலில் நின்றிருக்கிறாள். அக்கா மகள். அப்போ எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். இப்போ ரெண்டாவது. ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள், வேன் வருகிற நேரந்தான்.

நான் அழவில்லை அக்கா. இதைச் சொன்னால் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்க சின்னம்மா என் முகத்துக்கு நேராகவே, கூடப் பிறந்தவளா நீ என்று கேட்டார். எழவுக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டியிருந்தது. பால் தீர்ந்துவிட்டது, யாரையாவது அனுப்பி வாங்க வேண்டியிருந்தது. அம்மா ஒரு மூலையில் கிடந்தார், அப்பா ஒரு மூலையில். நானும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் யார் அடுப்பைப் பார்க்கிறது? அப்புறம் அழலாம் என்று இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு வேலையாக வந்துவிட்டது.

வருசம் திரும்பியதும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். குழந்தையை வெளியாள் கையில் கொடுக்கக்கூடாது, மாமாவுக்கும் வயசு இருக்கிறது. எங்க பெரியப்பாதான் பேச்சை எடுத்தார். கடைசியில் என்னையும் கேட்டார்கள், கேட்காமல் இல்லை. எனக்கு அப்போ பெருசா யோசனை ஒன்றும் ஓடவில்லை. தையல் பழகிக்கொண்டிருந்தேன். எங்கே இருந்தாலும் தைக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்டேன்.

"அந்த வீட்டுல ராடு இருக்கக் கூடாது. மாடியில சோலார் வெக்கணும். குளிக்கிற தண்ணிக்குள்ள கரண்டே போகக் கூடாது. அதுக்குச் சரின்னா எனக்கும் சரி."

பெரியப்பா சிரித்துவிட்டார். "ஊர்ல புள்ளைங்க நெக்லஸ் கேக்கும், ஆரம் கேக்கும். இது சுடுதண்ணி கேக்குது பாரு." உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருமே சிரித்தார்கள். எங்க வீட்டில் அந்த வருசத்தில் ஆள்கள் சிரித்தது அன்றைக்குத்தான். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுக்கென்ன கண்ணு, வெச்சுட்டாப் போகுது என்றார். அப்பா, அதை நான் சீராகவே வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

கட்டில், பீரோ, பித்தளைச் சாமான் எல்லாம் அக்காவுக்குக் கொடுத்தது இங்கேயே கிடந்தது. அதையே இன்னொரு தடவை எதற்கு? அதனால் என் சீரில் பெருசு என்றால் சோலார்தான். கல்யாணத்தன்றைக்கு டெம்போவில் வந்து இறங்கியது. டேங்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைப்பூ சுற்றி, அசப்பில் பார்த்தால் ஏதோ சாமி ஊர்வலம் வருகிற மாதிரி. தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

சீர்ச் சாமானில் பேர் வெட்டுகிற பழக்கம் உங்களிடமும் உண்டுதானே? குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றிலும் பொண்ணு பேரை வெட்டித்தான் எங்க அப்பா அனுப்புவார். டேங்கில் வெட்ட முடியாதே. பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் குழாய் சொருகுகிற ஓட்டை, அதனால் பின்பக்கம். என்ன பேர் எழுதட்டும் என்று பெயிண்டர் கேட்டிருக்கிறார். அப்பா சுகந்தி என்று சொல்லியிருக்கிறார்.

வேணுமென்றே சொல்லவில்லை அக்கா. சீர் என்றதும் அந்தப் பேர்தான் அவர் வாயில் வந்திருக்கிறது. பெருசாக எழுது, நல்ல பெயிண்டாகப் போடு என்று வேறு சொல்லியிருக்கிறார்.

டெம்போவிலிருந்து இறக்கி, தூக்குகிறதுக்காகத் திருப்பினார்கள். அப்போதான் தெரிந்தது. எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மேளக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார், அவருக்கு யார் பேர் என்று என்ன தெரியும். அப்பா பக்கத்தில் வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தார். பெயிண்ட் நல்லாக் காய்ந்திருந்தது. மறுபடியும் துடைத்தார்.

"பின்னாடிப் பக்கந்தானேப்பா, யார் பாக்கப் போறாங்க. மாட்டச் சொல்லுங்க" என்றேன். மணவறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வெயிலில் கிடந்தால் தானாக அழிந்துவிடும் என்றும் சொன்னேன். அழியவில்லை. நல்ல பெயிண்ட்.

வந்த கையோடு செய்த முதல் வேலை, பரணில் கிடந்த அந்த ராடைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டது. வெங்காயம் கொடுத்தார். சின்ன வெங்காயம். குழம்பு வைத்தேன், நல்லா இருந்தது என்று எல்லாரும் சாப்பிட்டார்கள்.

சோலாரைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது அக்கா. கரண்டு பில் நல்லாக் குறைந்துவிட்டது. மாமா மில்லில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அங்கே வேலை செய்கிறவர்கள் சில பேரும் மாட்டிவிட்டார்கள். கோயிலுக்குப் போனால் பொம்பளைங்க என்னைச் 'சோலார் மருமகள்' என்பார்கள். அத்தைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. முழங்கால் வலி சுடுதண்ணி பட்டுத்தான் இந்த மட்டுக்கும் இருக்கிறது, இவ புண்ணியம் என்பார். மாமா சாயங்காலம் உள்ளே போனால் பாட்டுச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். நல்ல மனுசர். கோபமே வராது. அக்காவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசியிருக்கிறார். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் என்று அலைந்து, மறுநாள் சுடுகாடு போய் வருகிற வரைக்கும் அந்த எண்ணெய்ப் பிசுக்கோடேயே இருந்தேன் கௌசி, கழுவ வேணும் என்றே தோணலை என்றார். நான், சாப்பாடு போடட்டுமா மாமா என்று கேட்டேன். போடு என்றார்.

மிதுனா ஒருத்திதான் என்னைப் படுத்துகிறாள். அவளுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. சடை பின்னுகிறது, டிபன் கட்டுகிறது, ஹோம்வொர்க் எல்லாம் நான்தான். சித்தி சித்தி என்று சேலையைப் பிடித்துக்கொண்டேதான் சுற்றுவாள். ஆனால் சுடுதண்ணி என்றால் ஆகாது. அடுப்பில் காய்ச்சிக் கலந்து கொடுத்தாலும் பக்கெட்டில் ஆவியைப் பார்த்தால் ஓடிவிடுவாள். வெயில் காலத்தில் எனக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. வாசலில் அகலப் பாத்திரத்தில் தண்ணியை ஊற்றி வைத்துவிடுவேன், மத்தியானத்துக்குள் தானாக வெதுவெதுப்பாக இருக்கும், அதில் குளித்துக்கொள்வாள். இதுவும் சோலார்தானே, மேலே இருந்தால் என்ன கீழே இருந்தால் என்ன என்று அத்தையிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மழைக்காலம் வந்தால்தான் வம்பு.

முதல் மழைக்காலத்தில் ஒன்று நடந்தது. நீங்க வாங்கப் போகிறவர், தெரிந்துகொள்ளுங்க. ஐப்பசி மாசம், வெயிலே இல்லை. சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டு வருகிறேன், பாத்ரூமுக்கு வெளியே சுவரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த சுவிட்சை நான் பார்த்திருக்கிறேன், எதுக்கோ வைத்தது என்று விட்டுவிட்டேன். உள்ளே மாமா பாடிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது என்ன செவப்பு லைட்டு?"

"அது மழைக்காலத்துக்கு கௌசி. டேங்குக்குள்ள கரண்டு காயில் ஒண்ணு இருக்கு. வெயில் இல்லாதப்பப் போட்டுக்கலாம்."

"டேங்குக்குள்ளயா?"

"கம்பெனியே வெச்சுத் தர்றது. பயமில்லை, சேஃப்டியானது."

தண்ணிக்குள்ளே கரண்டு போகக்கூடாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லி, அதற்குச் சரி என்றுதானே வந்தேன். மேலே இத்தனை நாளாக அது உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் ஒன்றும் சண்டை போடவில்லை. சுவிட்சை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் மிதுனா பின்னால் நிற்கிறாள், அந்த விளக்கு எரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு. வா கண்ணு, தோசை சுடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் எலக்ட்ரிஷியனை வரச் சொல்லி, டேங்கிலிருந்து கீழே வரைக்கும் அந்த வயரை முழுசாக உருவச் சொன்னேன். சுவிட்ச் இருந்த இடத்தில் வெறும் மூடி போட்டாயிற்று. நல்லா இருந்த பொருளைக் கெடுத்துவிட்டாய் என்று மாமா ரெண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தார், அப்புறம் சரியாகிவிட்டார். நீங்க வாங்கும்போதே காயில் இல்லாமல் கேளுங்க, கொடுப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் தண்ணி கொஞ்சம் சூடு கம்மியாக வரும். வந்துவிட்டுப் போகட்டுமே.

இந்த வருசம் மழை எப்படிப் பிடித்தது என்று உங்களுக்கே தெரியும். வாசலில் தண்ணி வைத்தால் வைத்தபடியே இருக்கிறது. மிதுனாவுக்குச் சளி பிடித்து, அது இறங்கி, இளைப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து ஆவி மருந்து கொடுத்தார்கள். டாக்டரம்மா, பச்சைத்தண்ணியிலா குளிக்க வைக்கிறீங்க என்று கேட்டார்.

"வீட்டுல சோலார் இருக்குங்க" என்றேன்.

அப்புறம் என்ன, மழை முடிகிற வரைக்கும் அதில் வெதுவெதுப்பாக ஊற்றுங்க, பச்சைத்தண்ணி பட்டால் மறுபடி இங்கேதான் தூக்கிக்கொண்டு வரணும், இன்னொரு தடவை இப்படி ஆனால் லேசில் விடாது என்று சொல்லி அனுப்பினார்.

குளிக்க வைக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் என்று நான் இருந்தேன். இவள் விட்டால்தானே. நான் என்றைக்குக் குளிக்கிறேனோ அன்றைக்கு அவளும் குளிப்பாள். நான் தலைக்கு ஊற்றினால் அவளும் தலைக்கு. நான் வெளியே வந்து துணி மாற்றுகிறதுக்குள் உள்ளே நுழைந்து, பச்சைத்தண்ணியை நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, உதடு நீலமாகி வந்து நிற்பாள். எதில் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ, அப்படி ஒரு பிடிவாதம். அத்தை கெஞ்சிப் பார்த்தார். மாமா சாக்லேட் வாங்கி வந்து பார்த்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் முதுகில் ஒன்று வைத்துவிட்டார், அவருக்கே அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. ரெண்டு தடவை மாஸ்க் வைத்தாயிற்று. போன வாரம் தூக்கிக்கொண்டு போனபோது மூச்சு வாங்குகிறதில் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

வந்த மறுநாள் காலையில் அவளைப் பாத்ரூம் வாசலில் நிறுத்தி நல்லபடியாகவே சொன்னேன். வயரை எல்லாம் உருவியாச்சு கண்ணு, நீதான் பார்த்தியே, அதுல கரண்டே இல்லை, வெறும் வெயில் பட்ட தண்ணி.

"அப்ப நீ ஏன் குளிக்க மாட்டேங்கறே?"

"எனக்குச் சின்னதிலிருந்தே பச்சைத்தண்ணிதான்."

"பொய். அம்மாயி சொல்லுச்சு. நீயும் அம்மாவும் சுடுதண்ணிக்கு அடிச்சுக்குவீங்களாம்."

எங்க அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. குழந்தையிடம் போய் இதையெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அண்டாவில் காய்ச்சுகிறபோது நான்தான் முதலில் போவேன், அது நிஜந்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் எனக்குக் குளித்த மாதிரி இருக்கும். அக்கா முதுகு தேய்த்துவிட வருவாள், இந்தச் சூட்டில் தோல் உரிந்துவிடும்டி என்று கத்துவாள். அது அந்த வயசுங்க. வயசு மாறினால் உடம்பும் மாறுகிறது.

அதை அவளுக்கு எப்படிச் சொல்கிறது? நான் பெரியவ, எனக்குச் சளி பிடிக்காது, நீ சின்னப் பிள்ளை என்றேன்.

"அம்மாவும் பெரியவதான்" என்றாள்.

நான் குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடியில் பிடித்துக்கொள்ளும் போல் இருந்தது. அவளும் பின்னாலேயே வந்தாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அழவெல்லாம் இல்லை, ஏதோ பென்சில் வாங்கித் தரச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நீ மொதல்ல சோலார்த் தண்ணியில குளி சித்தி. நான் வெளிய நிக்கறேன். நீ உள்ள பேசிட்டே இரு. பேசிட்டே இருந்தீன்னா நானும் அப்புறம் குளிக்கறேன்."

நாளைக்கு என்றேன். மறுநாள் அத்தைக்குக் கண்ணாஸ்பத்திரி. அதற்கு மறுநாள் எனக்கே தலைவலி. அப்புறம் தண்ணி சூடாக இருக்காது, மழை என்றேன். இப்போ ரெண்டு நாளாக நல்ல வெயில் அக்கா, நீங்களே பார்க்கறீங்களே, ஒரு மேகம் கிடையாது. இன்றைக்குக் காலையில் ஷூ மாட்டிவிடுகிறபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் வெயிலடிச்சா குளிப்பேதானே என்றாள். ம் என்றேன். என் தலையில் கை வைத்துச் சொல்லு என்றாள். வைத்துச் சொன்னேன். வேன் ஹாரன் அடித்துவிட்டது, அவசரத்தில் வேறு என்ன செய்கிறது?

அவள் முகத்தைப் பார்த்தீங்கன்னா தெரியும். நேற்றும் கொஞ்சம் இளைப்பு இருந்தது. இன்றைக்குப் பச்சைத்தண்ணியை ஊற்றிக்கொண்டாள் என்றால் இந்தத் தடவை என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னதுதான். அதனால் குளித்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை. வயர் இல்லை, காயில் வேலை செய்யாது, வெறும் தண்ணி. அத்தை குளிக்கிறார், மாமா குளிக்கிறார். மத்தியானத்திலிருந்து மாற்றுத்துணி, துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ரெண்டு தடவை உள்ளே போனேன். குழாய்வரைக்கும் போனேன். அப்புறம் தரை ஈரமாக இருக்கிறதே என்று துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதான் நீங்க வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க.

வாங்க, காட்டுகிறேன். வீடு கட்டுகிறவர், எல்லாவற்றையும் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுகிறது நல்லது. இதுதான் பாத்ரூம். அங்கே சிவப்பு வட்டம் போட்டது சுடுதண்ணிக் குழாய், நீலம் போட்டது பச்சைத்தண்ணி. நீங்க உள்ளே போங்க. கால் வழுக்காது, இப்போதான் துடைத்தேன். நான் இங்கேயே வாசலில் நிற்கிறேன், இடம் பத்தாது.

சிவப்பைத் திறங்க. முதலில் கொஞ்சம் பச்சையாக வரும், அது போகட்டும். ஆவி தெரிகிறதா? அப்போ வந்துவிட்டது. அதில் கையை வைத்துப் பாருங்க அக்கா. சும்மா நிற்காதீங்க, வீட்டைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ எதையாவது சொல்லுங்க. கையை வைத்த நேரத்திலிருந்து எடுக்கிறவரைக்கும் எனக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே இருங்க.